எல்விராவின் காலைக் கடல்

போன வாரம் எல்விராவை இரவுச் சாப்பாட்டு மேஜையில் விட்டுவிட்டு வந்தோம். மகள் நீவெஸ் அப்போதுதான், பக்கத்து அறையில் இருந்த அப்பா காதில் விழாதபடி, அந்தச் செய்தியைச் சொல்லி முடித்திருந்தாள்.

செய்தி இதுதான். குளிர்காலம் பூராவும் செவ்வாய், வியாழன் சாயங்காலங்களில் ஓய்வுபெற்றோர் சங்கத்துக்குச் சீட்டாடப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிய எல்விராவின் கணவர் ஓரெஸ்தே, அங்கே போகவே இல்லை. சங்கத்துக் கட்டடத்தை மராமத்துக்காக நவம்பரிலேயே பூட்டிவிட்டார்கள். போகும்போது ஒரு சட்டை, திரும்பும்போது ஒரு சட்டை. தலை வாரிய அழகிலேயே ஈரம் தெரியும். ஈஸ்டர் சமயத்தில் பெற்றோர் வீட்டில் தங்கியபோது நீவெஸ் இதையெல்லாம் கவனித்திருக்கிறாள்.

எல்விரா அழவில்லை. தட்டில் மீதியிருந்த நெத்திலியையும் எலுமிச்சைச் சாற்றையும் ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டாள்.

"காலையில கேட்டுக்கலாம். இப்ப எனக்குத் தூக்கம் வருது" என்றாள்.

சொன்னபடி தூங்கவும் செய்தாள். பார்மா நகரத்தில் பொத்தானும் நூலும் லேசும் விற்கும் கடையைக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தனியாக நடத்துகிறவள். ஒரு விஷயத்தை எப்போது எடுக்க வேண்டும், எப்போது மூடி வைக்க வேண்டும் என்பதில் அவளுக்குத் தடுமாற்றமே கிடையாது.

ஆகஸ்ட் வந்தால் கடைக்குப் பூட்டு. குடும்பத்தோடு மனரோலா என்ற கடலோர ஊருக்கு ரயிலேறுவார்கள்; இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள். அதே தெரு, அதே மாடி வீடு, ஜன்னலுக்குக் கீழே தெருவோரமாக இழுத்து நிறுத்திய படகுகள். நீவெஸ் கைக்குழந்தையாக இருந்தபோது ஆரம்பித்த வழக்கம். இப்போது நீவெஸுக்கே கல்யாணமாகி நாலு வருஷம். அவள் புருஷன் சாந்த்ரோவுக்கு லீவு கிடைக்காததால் அவன் பார்மாவிலேயே இருக்கிறான்.

மறுநாள் சூரியன் மலைக்குப் பின்னாலேயே இருந்தபோது எல்விரா எழுந்தாள். நீச்சலுடைக்கு மேல் பருத்திக் கவுனை மாட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு இறங்கினாள். ஓரெஸ்தே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வழக்கமாக அவளுக்குப் பின்னாலேயே அவரும் எழுந்து, காலுறை, ஷூ, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு, துறைக்கு மேலே இருக்கும் பெஞ்சில் செய்தித்தாளோடு உட்காருவார். அவர் சமவெளிக்காரர். நீச்சல் தெரியாது. இத்தனை ஆகஸ்டுகளில் கணுக்காலுக்கு மேல் கடல் அவரைத் தொட்டதில்லை.

பெர்த்தோவின் காபிக் கடை அப்போதுதான் கதவைத் தூக்கியிருந்தது. வாசலில் இரண்டு மீனவர்கள் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். பெர்த்தோ அவளைக் கூப்பிட்டு நிறுத்தினான்.

"எல்விராக்கா, நேத்து நீங்கள்லாம் மாடிக்குப் போனப்புறம் உங்க வீட்டுக்காரருக்கு போன் வந்துச்சு. பார்மாவுலேருந்து. மாரிஸான்னு ஒரு பொண்ணு."

வலையில் இருந்த நாலு கைகளும் நின்றன.

"என்னவாம்?"

பெர்த்தோ நல்லவன். ஆனால் வாயில் வந்ததை வடிகட்டத் தெரியாதவன். "பயப்பட வேண்டாம், நாம பழகின மாதிரியே செய்யச் சொல்லுங்கன்னு சொல்லிச்சு. உடம்பைத் தளரவிட்டா எல்லாம் தானா நடக்குமாம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. மீனவர்களில் ஒருவர் வலைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லக்கா."

"சரி. திரும்பி வரப்ப காபி குடிக்கிறேன். பாலைக் கொதிக்க விட்டுடாத, நேத்து மாதிரி."

முதுகை நிமிர்த்திக்கொண்டு சரிவில் இறங்கிப் போனாள். துறையில் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. கவுனைக் கழற்றிக் கல்லில் வைத்தாள். ஒரே பாய்ச்சல்.

துறையைத் தாண்டி, கல்லறைத் தோட்டம் இருக்கும் முனையைச் சுற்றிக்கொண்டு போனால் ஊர் மறைந்துவிடும். எதிரே தூரத்தில் கொர்னீலியா ஊர் தன் செங்குத்துப் பாறையின் உச்சியில் நிற்கும். முதல் வெயில் அங்கேதான் விழும். அந்த இடத்தில் எல்விரா மல்லாந்து படுத்துக்கொள்வாள். காதுகள் தண்ணீருக்குள். அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று கேட்க ஒருவரும் இல்லை, சாப்பாடு என்ன என்று கேட்க ஒருவரும் இல்லை. வருஷத்தில் மற்ற பதினோரு மாதமும் அவள் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறவள்.

இன்றைக்கு மாரிஸாவும் கூடவே நீந்தி வந்திருந்தாள். எல்விரா வழியிலேயே சில முடிவுகளை எடுத்துவிட்டாள். கார் அவருக்கு, வீடு தனக்கு. கடையைப் பற்றிப் பேச்சே இல்லை. மனரோலாவுக்கு அவள் வருவாள். அவர் வேறு ஊர் பார்த்துக்கொள்ளட்டும், கடற்கரை எவ்வளவோ நீளம் கிடக்கிறது. இந்த முடிவுகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. இருந்தும் மல்லாந்து படுத்தபோது உடம்பு மிதக்க மறுத்தது. கழுத்து விறைத்துக்கொண்டு நின்றது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ கம்பளத்தைத் தூக்கிப் போட்டு அடிப்பது மாதிரி, தண்ணீரில் சத்தம்.

திரும்பிப் பார்த்தாள். முனையைச் சுற்றிக்கொண்டு வெள்ளையாக ஏதோ ஒன்று முங்கி முங்கி வந்தது. ரப்பர் தொப்பி. அதற்குக் கீழே தக்காளியாகச் சிவந்த ஒரு முகம். அந்த முகத்தை அவளுக்கு அடையாளம் தெரியவே சற்று நேரம் ஆனது.

"பாத்தியா" என்றார் ஓரெஸ்தே. அதற்குள் ஓர் அலை அவர் வாய்க்குள் போனது.

எல்விரா தன் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நீந்தியதில்லை. அவர் இருமிக்கொண்டு, கைகளைக் கண்டபடி வீசிக்கொண்டு, "குளத்துல அலை இல்ல" என்று என்னவோ விளக்கம் சொல்லப் பார்த்தார்.

"பேசாத. மல்லாந்து படு. காலை ஆட்டாத. என்னைப் பிடிக்காத, நான் பிடிச்சுக்கறேன்."

அவர் சொன்னபடி செய்தார். பின்கழுத்தைப் பிடித்து, மெதுவாக இழுத்துக்கொண்டு, முனைக்குக் கீழே தாழ்வாக இருந்த பாறைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். அவருக்கு மூச்சு அடங்கும்வரை அவள் அவர் முதுகில் கையை வைத்திருந்தாள்.

"மாரிஸா யாரு? நேத்து பெர்த்தோ கடைக்கு உனக்கு போன் பண்ணியிருக்கா" என்று கேட்டாள்.

நீச்சல் குளத்தில் சொல்லிக்கொடுக்கிறவள் என்றார் ஓரெஸ்தே. செவ்வாயும் வியாழனும், ஆழமில்லாத பக்கத்தில், முதல் வகுப்புப் பிள்ளைகளோடு தானும் ஒருவனாகக் குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்ததைச் சொன்னார். ஒரு பெண் குழந்தை ஒவ்வொரு வகுப்பிலும் அவருக்கு மூக்கைப் பிடித்துக்கொள்ள ஞாபகப்படுத்துமாம். மே மாதம்தான் முதல்தடவையாக ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் நிற்காமல் போயிருக்கிறார். பிள்ளைகள் எல்லோரும் கை தட்டினார்களாம். நாளைக்குக் கடலில் இறங்கப் போகிறேன், பயமாக இருக்கிறது என்று நேற்று மாரிஸாவிடம் சொல்லப் போன் செய்தபோது அவள் இல்லை; எடுத்தவரிடம் சொல்லி வைத்தாராம், பெர்த்தோ கடை எண்ணையும் கொடுத்து. அதனால்தான் அவள் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறாள்.

எல்விரா சிரிக்க ஆரம்பித்தாள். பெர்த்தோ சொன்னதை அப்படியே சொன்னாள், மீனவர் வலைக்குள் தலையை விட்டதையும் சேர்த்து. ஓரெஸ்தேவும் சிரித்தார். இரண்டு பேரும் பாறையில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வர, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலச் சிரித்தார்கள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "இனிமே தினமும் காலையில உன்கூட வருவேன்."

"வேண்டாம்."

யோசித்துச் சொன்னதில்லை. சொல் தானாக வந்துவிட்டது. அவர் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது.

"இது என் நேரம், ஓரெஸ்தே. எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

அவர் ரப்பர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்தார். தண்ணீர் பக்கம் போகவில்லை. பாறையில் வெட்டியிருந்த படிகளில் ஏறி, வெறுங்காலோடு, நீச்சல் ஜட்டியோடு, கல்லறைப் பூக்களுக்குத் தண்ணீர் ஊற்ற வந்த பெண்கள் வாயடைத்து நிற்க, அவர்களுக்கு நடுவே நடந்து போனார். காலுறை இல்லாமல் அந்த ஊர் அவரைப் பார்த்ததே இல்லை.

எல்விரா தனியாக நீந்தித் திரும்பினாள். கேட்டது கிடைத்துவிட்டது. தனிமைதான் அது. ஆனால் அன்றைக்கு அதில் ருசி இல்லை.

வீட்டில் நீவெஸ் காபிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எல்விரா விஷயத்தைச் சொன்னாள். குளம், பிள்ளைகள், மாரிஸா எல்லாம். நீவெஸ் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள்.

"அப்ப ஒண்ணுமே இல்லையா?" என்றாள் நீவெஸ். தன் கையிலிருந்த எதையோ யாரோ பிடுங்கிக்கொண்டது போன்ற குரல் அது. எல்விரா அதைக் கவனித்தாள். ஒரு நேரத்துக்கு ஒரு வேலை என்று ஒதுக்கி வைத்தாள்.

ஓரெஸ்தே வந்து உடை மாற்றிக்கொண்டு, யாரிடமும் பேசாமல் வெளியே போயிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. நீவெஸ் ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தாள். பார்மாவுக்கு ரயிலேறிப் போயிருப்பார் என்றாள். பசித்தால் வருவார் என்றாள் எல்விரா. மூன்று பேருக்குப் பிசைந்த பெஸ்தோ பாஸ்தா கிண்ணத்திலேயே காய்ந்து ஒட்டிக்கொண்டது.

"நீ அவர்கிட்ட என்னம்மா சொன்ன?"

"உண்மையைச் சொன்னேன்."

"எல்லா உண்மையையும் சொல்லணும்னு யாரும்மா கேட்டா?" என்றாள் நீவெஸ், தாயின் முகத்தைப் பார்க்காமல்.

எல்விரா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. அதில் அவள் தெளிவாக இருந்தாள். சொன்னது சரி. சொன்ன விதம்தான் பாறையில் ஈரத்துணியை அறைந்தது மாதிரி ஆகிவிட்டது. அதைச் சரிசெய்ய வேண்டும்.

ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர் அவரைப் பார்க்கவில்லை. பெர்த்தோதான் சொன்னான், ஓரெஸ்தே ஐஸ் வாங்கினார் என்று. எத்தனை என்று கேட்டாள். ஐஸ் பெட்டியே காலி என்றான் அவன். பின்னால் ஊர்ப் பிள்ளைகள் ஒரு பட்டாளமே போனதாம், கல்லறை முனையைத் தாண்டி, குளிக்கிற பாறைகளுக்கு.

முனையைத் திரும்பும்போதே கூச்சல் கேட்டது. எல்விரா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தாள்.

பாறைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். நடுவில், ஓர் ஆள் உயரப் பாறையின் விளிம்பில், ஓரெஸ்தே. வெள்ளை வயிறு, சிவந்த தோள்கள். பல் விழுந்த ஒரு பெண்பிள்ளை இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவருக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தது. காலைச் சேர்த்து வைக்கணும். கீழே பாக்கக் கூடாது. கொர்னீலியாவப் பாருங்க.

அவர் கொர்னீலியாவைப் பார்த்தார். குதித்தார்.

எல்விராவின் கை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் மூடிக்கொண்டது. பிள்ளைகள் எல்லோரும் விளிம்புக்கு ஓடினார்கள். பிறகு ரப்பர் தொப்பி மேலே வந்தது, அதற்கடியிலிருந்து ஒரு சிரிப்பும். அவர் அவளை நினைத்துக்கொண்டு எங்கேயோ வாடிக் கிடப்பார் என்று நினைத்துத்தான் அவள் வந்திருந்தாள். அவர் வாடவே இல்லை. இது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் குத்தவும் செய்தது.

படியிறங்கிப் போனாள். பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள். ஓரெஸ்தே பாறையில் ஏறி, தண்ணீர் சொட்ட அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாயங்காலம் வா. ரெண்டு பேரும் சேர்ந்து போகலாம்" என்றாள் எல்விரா. "காலை மட்டும் எனக்கு வேணும். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்."

"சாயங்காலம் இவங்ககிட்ட ஏற்கெனவே ஒத்துக்கிட்டேன்" என்றார் ஓரெஸ்தே. "அந்தப் பெரிய பாறையிலேருந்து குதிக்கணுமாம்."

"அதுக்கப்புறம் வா."

"வரேன்."

அவர் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு பேசினார். "உன் நேரத்தைப் பிடுங்கிக்க நான் நீச்சல் கத்துக்கல, எல்விரா. தினமும் நீ அந்த முனையைத் தாண்டினதும் மறைஞ்சு போற. திரும்பித் தலை தெரியற வரைக்கும் நான் செய்தித்தாள்ல ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சுட்டு இருப்பேன். ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன செய்வேன். படியில நின்னு கத்தத்தான் முடியும்."

எல்விரா திரும்பி அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷமாகத் துறையில் ஏறி வரும்போது செய்தித்தாளைத் தாழ்த்தி, "தண்ணி குளிரா?" என்று கேட்பார். அவள் இல்லை என்பாள். அவ்வளவுதான் பேச்சு. அந்த மனிதர் அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார் என்று அவளுக்குத் தெரிந்ததே இல்லை. அவள் மல்லாந்து படுத்து நிம்மதியாக இருந்த அதே நேரம்தான் அது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போறத நிறுத்திடுவியோன்னு."

"நிறுத்தியிருக்க மாட்டேன்."

"அதுவும் தெரியும்" என்றார் அவர். "அப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

"அங்க போய் நீ என்னதான் செய்யற?" என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்யறதில்ல."

"ஒண்ணுமே?"

"அதுக்காகத்தான் போறேன்."

ஓரெஸ்தே அதை யோசித்தார். நாற்பது வருஷம் பேருந்து நிலையத்தில் ஒவ்வொரு வண்டியையும் அதனதன் நேரத்துக்குக் கிளப்பிவிட்ட மனிதருக்கு அது லேசில் பிடிபடுகிற விஷயம் இல்லை. ஆனால் தலையை ஆட்டினார்.

"நான் முனையைத் தாண்டத்தான் போவேன். நாளைக்கும் போவேன்" என்றாள் எல்விரா.

"போ. இன்னிக்கு நானே வந்து பாத்துட்டேனே. வெறும் தண்ணிதான். இனிமே அடுத்த வரிக்குப் போவேன்."

சொன்னாரே தவிர, குரலில் முழு உறுதி இல்லை. எல்விரா அதையும் கேட்டுக்கொண்டாள். ஒரே நாளில் போகிற பயம் இல்லை அது. திரும்பி வரும்போது முனையில் கையைத் தூக்கிக் காட்டலாம் என்று அவள் மனதுக்குள் தீர்மானித்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை. நாளைக்கே பார்த்துக்கொள்ளட்டும்.

பல் விழுந்த பெண்பிள்ளை பொறுமையிழந்து, ஐயா வர்றாரா இல்லையா என்று கேட்டது. ஐயா போனார்.

சாயங்காலம் கடல் முழுக்க வெயில். துறையில் ஊரே குளித்துக்கொண்டிருந்தது. பெர்த்தோ கடை வாசலில் நின்று பார்க்க, மீனவர்கள் வலையை மறந்து பார்க்க, எல்விராவும் ஓரெஸ்தேவும் சரிவில் இறங்கினார்கள். முனை வரைக்கும் போகவில்லை. துறையின் வாயிலேயே அவர் கம்பளம் அடிக்க, அவள் பக்கத்தில் மெல்ல நீந்தி, கையை இவ்வளவு ஓங்க வேண்டாம், கடல் உன்னை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிக்கொடுத்தாள். மாரிஸா அப்படிச் சொல்லவில்லை என்றார் அவர். மாரிஸாவைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு வா, பார்க்கலாம் என்றாள் இவள்.

அவர் மறுபடியும் பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டதும் எல்விரா கரையேறினாள். நீவெஸ் கல் மேல் உட்கார்ந்திருந்தாள், மடியில் இரண்டு துண்டுகள். அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு கண்ணுக்கு எட்டவில்லை.

எல்விரா பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் துவட்டினாள். காலையிலிருந்து ஒதுக்கி வைத்ததை எடுக்க நேரம் வந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

"நான் அவரோட ஒரே வீட்டுல இருந்தேன்" என்றாள். "சட்டை மாறினத நான் பாக்கல. தலை ஈரத்தையும் பாக்கல. நீ நாலு நாள் வந்து தங்கினதுல எல்லாத்தையும் பாத்துட்ட. எப்படி?"

நீவெஸ் துண்டின் ஓரத்து நூல் ஒன்றைப் பிரித்து விரலில் சுற்றினாள். சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினாள்.

"சாந்த்ரோவா?" என்றாள் எல்விரா. "அவனுக்கு யாராவது இருக்காங்களா? சொல்லு. நான் பேசறேன் அவன்கிட்ட."

"இல்லம்மா. சாந்த்ரோ பாவம்."

கீழே தண்ணீரில் பிள்ளைகள் கூட்டமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள், ஓரெஸ்தே எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்கிறார் என்று.

நீவெஸ் கடைசியில் தாயின் முகத்தைப் பார்த்தாள். "சட்டையை எங்க மாத்தணும், தலையை எப்படிக் காய வைக்கணும், பையை எங்க ஒளிச்சு வைக்கணும்னு எனக்குத் தெரியும்மா" என்றாள். "ஒரு வருஷமா நான் அதைத்தான் செஞ்சுட்டு இருக்கேன்."